வேனுக்குக் குடிபோகும் முன் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரு சரக்கு வேன் பார்த்து வச்சிருக்கேன். உள்ளே வீடு மாதிரி செஞ்சுகிட்டு அதுலேயே இருந்துடலாம்னு இருக்கேன். சோலார் பேனல் எத்தனை வாட் போடட்டும்?" என்று கேட்டான்.

நான் பேனலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி செலவழிக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நாங்கள் வேனுக்குக் குடிபோனபோது எனக்கும் தெரியாது. ஒன்றரை மணி நேரம் பேசியும் பேச்சு முடியவில்லை. மிச்சத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று இங்கேயும் போடுகிறேன்.

நானும் மனைவியும் மூன்று வருடம் வேனில் குடியிருந்தோம். அந்த மூன்று வருடத்தை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதல் ஆறு மாதம் நாங்கள் பட்ட பாட்டில் பாதியை, போகும் முன்பே யோசித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

குளிர்காலம் தொடங்கி ஐந்து வாரம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை எடுக்க மனைவி மெத்தையைத் தூக்கினாள். மெத்தையின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். ஓரத்தில் கருப்புப் புள்ளிகளாகப் பூசணம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டையைத் தேடினேன். கூரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஜன்னல் ரப்பரைக் கழற்றி மாட்டினேன். ஒழுகல் எங்கேயும் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கள் மூச்சிலிருந்து வந்தது.

தூங்குகிற ஒரு மனிதரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஒரு ராத்திரிக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். வீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. வேனில் மொத்தமே பத்து கன மீட்டர் காற்றுதான், சுற்றிலும் குளிர்ந்த தகரம். ஆவி போய் உட்காருவதற்கு மெத்தையின் அடிப்பக்கத்தைவிட வசதியான இடம் கிடையாது. போதாததற்குக் காஸ் அடுப்பு வேறு. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் அதிகமான நீராவி வரும். குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு சமைத்தோம். துவைத்த சட்டையை உள்ளேயே காயப்போட்டோம். நாங்களே நனைத்துவிட்டு ஓட்டையைத் தேடியிருக்கிறோம்.

சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. மெத்தைக்குக் கீழே இருந்த முழு பிளைவுட்டை எடுத்துவிட்டு, இடைவெளி விட்ட சட்டங்களைப் போட்டோம். கூரையில் ஒரு ஃபேன் வைத்தோம். கீழே ஒரு காற்றுவழி, மேலே ஒரு காற்றுவழி என்று இரண்டும் எப்போதும் திறந்திருக்கும்படி செய்தோம். காற்று உள்ளே வர ஒரு இடமும் வெளியே போக ஒரு இடமும் இருந்தால்தான் நகரும். எவ்வளவு குளிரானாலும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துத் தூங்கப் பழகினோம். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பிழிவது, பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

வேன் சுவருக்கு வெப்பக்காப்பு போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். மரப்பலகையைப் போட்டு மூடிய பிறகு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஈரக்காற்று புகுந்தால் வண்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். இதில் பல கட்சிகள் உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளைச் சொல்வார்கள். என் கருத்து, காற்றும் ஈரமும் ஊடுருவாதபடி நுண்துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கிற ஃபோம் ஷீட்டைத் தகரத்தோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிடுவது நல்லது. பக்கவாட்டில் ஓடும் இரும்புச் சட்டங்களையும் விடாமல் மூட வேண்டும். நாங்கள் அவற்றை விட்டுவிட்டோம். தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது அங்கேதான்.

இந்த ஈரத்தைத் தேடி அலைந்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. வீட்டில் இருக்கும்போது தண்ணீர் குழாயில் வரும், சாக்கடையில் போகும். கரண்ட் கம்பியில் வரும். ஆவி எங்கேயோ போய்விடும். குப்பையும் கழிவும் கண்ணைவிட்டு மறைந்துவிடும். வேனில் உள்ளே வருகிற ஒவ்வொன்றும், வெளியே போகிற ஒவ்வொன்றும் உங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். வேன் வீடு பற்றிய படங்கள் எல்லாமே உள்ளே என்னென்ன அடக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, தினமும் உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்பதுதான் முக்கியம்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிக்கனமாக இருந்தால் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, உடம்பு துடைக்க ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டரில் ஓட்டலாம். ஆனால் அது பழகிய கையின் கணக்கு. வீட்டை விடும் முன் மூன்று நாள் குழாயைத் தொடாமல், கேனில் பிடித்து வைத்த தண்ணீரில் மட்டும் எல்லா வேலையும் செய்து பாருங்கள். அழுக்குத் தண்ணீரை ஒரு வாளியில் சேருங்கள். எவ்வளவு எடுத்தீர்களோ ஏறக்குறைய அவ்வளவும் அந்த வாளியில் திரும்பி நிற்கும். நல்ல தண்ணீருக்கு 100 லிட்டர் டேங்க் வைத்துவிட்டு அழுக்குத் தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் வைத்தால், ஐந்து முறை காலி செய்ய இடம் தேட வேண்டும். நாங்கள் அப்படித்தான் வைத்தோம்.

கழிப்பறையைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. நான் முதலில் கேட்கச் சொல்வேன். வேனுக்குள் வைக்கிற கேசட் வகையில், அதாவது கழிவுத் தொட்டியைத் தனியாகக் கழற்றி எடுத்துப் போய்க் கொட்டுகிற வகையில், அந்தத் தொட்டி பெரும்பாலும் 15 முதல் 20 லிட்டர்தான். இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும். அதன் பிறகு அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். சிறுநீரைத் தனியாகப் பிரிக்கிற வகை இன்னொன்று இருக்கிறது. சிறுநீரும் மலமும் கலக்காவிட்டால் நாற்றம் வெகுவாகக் குறைந்துவிடும், தண்ணீரும் தேவைப்படாது. ஆனால் சிறுநீர்க் கேனை அநேகமாக ஒவ்வொரு நாளும் காலி செய்ய வேண்டும். எது வேண்டும் என்பதைப் பலகை அறுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். "வழியில் பொதுக் கழிப்பறை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்பது நடு ராத்திரி வயிறு சரியில்லாமல் போகும் வரைதான்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் டேங்க் நிரம்பினால் வண்டியில் 100 கிலோ ஏறுகிறது. இங்கிருந்து எடைக் கணக்கு தொடங்குகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் அதிகபட்ச மொத்த எடை இவ்வளவு என்று பதிவு ஆவணத்தில் எழுதியிருக்கும். ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸோடு ஓட்டும் பெரிய வேன்களுக்குப் பெரும்பாலும் அது 3,500 கிலோ. வெறும் வண்டியே அதில் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிடும். மிச்சத்தில்தான் பலகை, கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பேட்டரி, சிலிண்டர், தண்ணீர், துணிமணி, புத்தகம், டேங்கில் டீசல், அப்புறம் நீங்கள் இருவரும் அடங்க வேண்டும். நாங்கள் எல்லாம் கட்டி முடித்துவிட்டு எடை மேடைக்குப் போனோம். 140 கிலோ கூடுதலாக இருந்தது. கனமான பிளைவுட்டில் செய்த அலமாரிகளைப் பிரித்து மெல்லிய பலகையில் மறுபடி செய்தோம். ஆகவே எடை மேடைக்கு மூன்று முறை போங்கள். வாங்கியதும் வெறும் வண்டியோடு ஒரு முறை, வேலை பாதியில் ஒரு முறை, எல்லாச் சாமானும் தண்ணீரும் ஏற்றி ஒரு முறை. கூடுதல் எடையோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தை உணர்ந்தால் இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று புரியும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இதைக் கேட்பார்கள்.

எடை ஒரே பக்கம் சேரக்கூடாது. அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர் மூன்றும் இடப்பக்கம், வலப்பக்கம் வெறும் பெஞ்ச் என்று அமைத்தால் வளைவில் வண்டி உங்களிடம் புகார் சொல்லும். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3619 என்றால் 2019ஆம் வருடம் 36ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கு வண்டிகளில் பட்டை நன்றாக இருக்கும், ரப்பர் காய்ந்து போயிருக்கும்.

இப்போது மருமகன் கேட்ட கரண்டுக்கு வருகிறேன். எத்தனை வாட் பேனல் என்பது கடைசிக் கேள்வி. முதலில் ஒரு தாளில் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளையும், அது எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்குங்கள். பேட்டரியின் அளவை ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி) என்று சொல்வார்கள்; அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி வரும், ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். 12 வோல்ட் 100 ஏ.ஹெச் பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் அதில் இருப்பது ஒரு யூனிட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக அரை யூனிட். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வகையில் பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. விலை அதிகம். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது; குளிர்ப் பிரதேசம் போகிறவர்கள் பேட்டரியை வண்டிக்கு உள்ளே, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு லேப்டாப் 50 வாட், ஆறு மணி நேரம் வேலை என்றால் 300 வாட்-மணி. சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 50 ஏ.ஹெச் வரை எடுக்கும், வெயிலில் இன்னும் கூட. லைட்டும் போன் சார்ஜும் கணக்கிலேயே வராது. பிரச்சினை எப்போதும் சூடாக்குகிற சாமான்களில்தான். 1,800 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியர் இழுக்கும். அதற்கு விரல் தடிமனில் கேபிள் வேண்டும், பெரிய இன்வெர்ட்டர் வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும். கரண்டில் சமைக்கப் போகிறீர்களா, காஸிலா என்ற ஒரே முடிவு மொத்தத் திட்டத்தையும் மாற்றிவிடும்.

பேனல் மேல் எழுதியிருக்கிற வாட் உச்சி வெயிலில், நேராக வெயிலைப் பார்த்து வைத்தால் வருவது. கூரையில் படுக்கையாக ஒட்டிய பேனலுக்கு அது கிடைக்காது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும், பகலும் குறையும்; கோடையில் வருவதில் ஒரு சின்னப் பங்குதான் வரும். கோடையிலோ வேறு சிக்கல். வேன் வெயிலில் நின்றால் உள்ளே இருக்க முடியாது, நிழலில் நின்றால் பேனல் வேலை செய்யாது. ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே வரத்து பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் கருவியிலிருந்து, பேட்டரியை நிரப்பும் சார்ஜர் ஒன்றையும் சேர்த்துப் போடச் சொல்வேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

வயரிங் வேலை தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வேன் கூட்டின் இரும்பு விளிம்பில் கேபிள் உரசி உரசித் தோல் உரிந்தால், ஃபியூஸ் இல்லாத இடத்தில் நெருப்புதான்.

நெருப்பு என்று சொல்லிவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை இருந்தே ஆக வேண்டும். காஸ் கசிவைக் காட்டும் அலாரத்தைத் தரை மட்டத்தில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் தனி. அதைத் தூங்கும்போது தலை இருக்கும் உயரத்தில் வையுங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடுகிற டீசல் ஹீட்டர் நல்ல தேர்வு. அதன் சூடு உலர்ந்த சூடு என்பதால் மெத்தைக்கும் நல்லது. தீயணைப்பான் கதவுப் பக்கமாக இருக்கட்டும். படுத்திருக்கும் இடத்திலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே நிரப்பிய சாமான் பின்கதவை அடைத்துக்கொண்டிருந்தால் அந்த வழி கணக்கில் சேராது.

வண்டி வாங்கும்போது உள்ளே என்ன கட்டலாம் என்று பார்க்காதீர்கள், எஞ்சினைப் பாருங்கள். ஏற்கெனவே அழகாகக் கட்டிய வேன் விலைக்கு வரும்போது கண் அலமாரியில்தான் நிற்கும். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், ஆறிய எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடியில் படுத்து துரு பாருங்கள். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று சீட்டோடு கேளுங்கள். வண்டி பழுதானால் வீடும் சேர்ந்து ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். எங்களுக்கு ஒருமுறை கிளட்ச் போனது. உதிரிபாகம் வர ஒன்பது நாள். ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி தங்க அனுமதி இல்லை. கையில் ஒரு பையோடு தெருவில் நின்றபோது, பழுதுக்கு ஒதுக்கிய பணத்தோடு சேர்த்து அறை எடுக்கவும் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்று புரிந்தது. வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ், துணி துவைக்கும் செலவு, இந்தத் தங்கும் செலவு எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு, சில இடங்களில் ஊருக்கு ஊர் வேறு. சரக்கு வண்டியாகப் பதிவானதை வசிக்கும் வண்டியாக மாற்றினால் பதிவையும் இன்சூரன்ஸையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குக் கட்டில் எப்படி, அடுப்பு எப்படி என்று விதிகள் இருக்கலாம். கட்டும் முன் படியுங்கள், கட்டியதைப் பிரிப்பது வலிக்கும். சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனையோ, ஓடும் வண்டியில் அத்தனை பேர்தான். நிலையான முகவரியும் வேண்டும். வங்கி, டாக்டர், வாக்காளர் பட்டியல், வண்டியின் பதிவு எல்லாமே முகவரி கேட்கும். கடிதத்தைப் பிரித்துப் பார்த்து போனில் சொல்லக்கூடிய நம்பிக்கையான ஒருவர் இருந்தால் பாதி தலைவலி தீரும். எங்களுக்கு அக்கா இருந்தாள்.

ராத்திரி எங்கே நிற்பது என்பது தினசரிக் கேள்வி. நான் எதிர்பார்க்காத களைப்பு இதில்தான் வந்தது. சமதரை வேண்டும், சத்தம் இருக்கக்கூடாது, விரட்டக்கூடாது, சிக்னல் கிடைக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும். சுற்றுலாவில் பத்து நாள் இப்படித் தேடுவது சுகம். முந்நூறாவது நாள், வேலை முடிந்து தலை வலிக்கும்போது, இருட்டில் தேடுவது வேறு. தினமும் நகராமல், ஒரே இடத்தில் காசு கொடுத்து ஒரு வாரம் நிற்பது என்று வழக்கத்தை மாற்றிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இருவராகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேனில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. வீட்டில் சின்ன மனத்தாங்கல் வந்தால் ஒருவர் அடுத்த அறைக்குப் போவார்; அரை மணி நேரத்தில் அது கரையும். வேனில் நான்கு நாள் மழை. அவள் போனில் வேலைப் பேச்சு பேசுகிறாள், நான் ஒன்றரை மீட்டர் தள்ளி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் அவள் காலை மடக்க வேண்டும். கோபம் வருவது ஆளின் மேல் அல்ல, இடத்தின் மேல். ஆனால் எதிரில் இருப்பது ஆள்தான். அந்த நான்காம் நாள் நாங்கள் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் ஒரு மணி நேரம் ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விடுவார், நடுவில் திரை விழும். அந்த ஒரு மணி நேரம் மற்றவர் வேனில் இல்லை என்றே கணக்கு. மாறி மாறி. கல்யாணமான பதினோரு வருடத்தில் நாங்கள் பேசாத பல விஷயங்களை அந்த மழையில்தான் பேசினோம். அதற்காக நான் இன்னும் அந்த வேனுக்கு நன்றி சொல்கிறேன்.

அதனால்தான் முழங்கால் இடிக்காமல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடிகிற அமைப்பைக் கேட்கிறேன். வீட்டுத் தரையில் டேப் ஒட்டி வேனின் உள்ளளவை வரையுங்கள். அட்டைப்பெட்டிகளை அடுக்கி கட்டில், அடுப்பு வையுங்கள். இரண்டு பேரும் அந்தக் கோட்டுக்குள் ஒரு சனி ஞாயிறு இருந்து பாருங்கள். உள் அகலத்தையும் சரியாக அளந்து பாருங்கள். ஃபியட் டுகாட்டோ என்ற வேனின் சரக்கு அறை 187 சென்டிமீட்டர் அகலம். வெப்பக்காப்பும் பலகையும் போன பிறகு குறுக்கே படுக்க நடுத்தர உயரம் உள்ளவருக்குச் சரியாக இருக்கும். வேறு பல வண்டிகள் பத்து சென்டிமீட்டர் வரை குறைவு, அங்கே நீளவாட்டில்தான் கட்டில் போட முடியும். மடக்கும் கட்டிலை நான் விரும்பமாட்டேன். தினமும் ராத்திரி விரித்து, காலையில் மடக்கி, உடம்பு சரியில்லாத நாளிலும் அதையே செய்ய வேண்டும்.

டேப் ஒட்டிப் பார்த்த பிறகு, கட்டிய வேன் ஒன்றை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். நல்ல காலநிலையில் எடுக்காதீர்கள். மழையோ குளிரோ இருக்கிற மாதத்தில் எடுத்து, வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டு இருங்கள்.

மருமகன் இதைக் கேட்டான். சரக்கு வேனுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கவில்லை, ஒரு மாதம் அவகாசம் மட்டும் கேட்டிருக்கிறான். இப்போது வாடகை வேனில், மழையில் இருக்கிறான். நேற்று ராத்திரி, ஐந்தாம் நாள், போன் செய்தான்.

"மாமா, ஜன்னல் ஓரமா தண்ணி சொட்டுது. கூரை ஒழுகுது போல."

"ஜன்னல் எவ்வளவு திறந்திருக்கு?" என்று கேட்டேன்.

"மூடித்தான் இருக்கு. குளிருது."

"ஒரு விரல் திற. அப்புறம் மெத்தையைத் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்லு."

சற்று நேரம் அந்தப் பக்கம் சாமான் நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.